வண்டியோடு ஓர் ஆள்

செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் காருக்குள் ஏறுவார். கோயிலுக்குள் போகும்போதுகூட அவர் முகத்தில் அத்தனை பயபக்தியை நான் பார்த்ததில்லை. வேலூரில் வெளிநாட்டுக் கார் விற்கும் எங்கள் ஷோரூமில் ஆரணிக்காரர்கள் இரண்டே பேர். அவர் விற்பனைக்குத் தலை. நான் இன்சூரன்ஸ் மேசை. இரண்டு பேரும் காலையில் ஒரே பஸ்ஸில்தான் போவோம். கோடி ரூபாய் கார் விற்கிற மனிதர் கண்ணமங்கலம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவார். உட்கார இடம் கிடைத்தால் என்னை உட்காரச் சொல்வார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதையெல்லாம் நான் வயிற்றெரிச்சலில் சொல்வதாக நினைப்பீர்கள். வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று யார் சொன்னது? இருந்தாலும் மனிதரிடம் இருந்த நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா.

அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். ஒன்று கஸ்டமர், இன்னொன்று மற்றவர்கள். கஸ்டமர் வீட்டில் காதுகுத்து என்றால் முதல் நாளே போய்ப் பந்தல்காரனோடு மல்லுக்கட்டுவார். ஒரு கஸ்டமரின் மாமியார் செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தார். செய்யாற்றில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றதும் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சோடு இன்னொருவருக்குக் கார் டெலிவரி கொடுக்கப் போனார். அவர் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று களம்பூரில் ஒரு காரின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். அதை அவரே பெருமையாகச் சொல்வார்.

"பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி கீது, டாக்டரு கீறாங்க. கஸ்டமருக்கு யாரும்மா கீறா? நான்தான் கீறேன்."

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஆரணியில் சொகுசுக் கார் விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. பட்டு முதலாளிகளிடம் பணம் இல்லாமல் இல்லை, அதை வெளியில் காட்ட மாட்டார்கள். நாலு தெருத் தறிக்குப் பாவு நூல் கொடுக்கிறவர் கக்கத்தில் மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு பழைய மொபெட்டில் போவார். கண் பட்டுவிடும் என்பார். கண்ணுக்கு மட்டுமா பயம், வருமான வரிக்காரருக்கும்தான். இவர்களிடம் போய் அப்படிப்பட்ட காரை வாங்குங்கள் என்றால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சென்னையிலிருந்து வந்த டை கட்டிய பையன்கள் பலபேர் அப்படி மோர் குடித்துத் திரும்பியவர்கள்தான்.

இவர் காரைப் பற்றிப் பேசவே மாட்டார். பாயில் உட்கார்ந்து, புடவையைத் தடவிப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பையன் இன்னா படிக்கிறான், மொதலாளி?"

அவ்வளவுதான், தூண்டில் போட்டாயிற்று.

பஸ்ஸில் ஒருநாள் எனக்கே பாடம் நடத்தினார். "அப்பன் காரு வாங்க மாட்டாம்மா. வாங்கிக் குடுப்பான். வாங்கறவன் புள்ள. நாம பேச வேண்டியது புள்ளகிட்ட."

ஊரிலுள்ள முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எவன் எந்த ஸ்கூல், எவன் ரூமில் எந்தக் காரின் படத்தை ஒட்டியிருக்கிறான் என்பது வரைக்கும் தெரியும். பிறந்த நாளன்று கேக்கோடு போய் நிற்பார். பிள்ளையை மட்டும் ஷோரூமுக்கு அழைத்து வந்து, டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு நகர்ந்துவிடுவார். உள்ளே அந்தப் பயல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாக இருப்பான். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு யார் தொண்டையிலும் சோறு இறங்காது. அடுத்த வாரம் முதலாளி போன் செய்வார்.

டெலிவரியிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மற்ற ஊர்களில் புதுக் காரைச் சாட்டின் துணியால் மூடி, குடும்பத்தோடு நிற்க வைத்து, இழுத்துத் திறந்து போட்டோ எடுப்பார்கள். "ஆரணிக்காரனுக்கு எதுக்கும்மா சாட்டினு?" என்பார். முதலாளியின் சொந்தத் தறியில் நெய்த கல்யாணப் பட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, காருக்கு அம்மன் மாதிரி சாத்தி வைப்பார். விடியற்காலையில், பால்காரன் வருவதற்குள், யார் கண்ணும் படாமல் வீட்டு வாசலில் நிறுத்துவார். முதலாளியம்மாக்கள் கண் கலங்கிவிடுவார்கள். எந்த டை கட்டினவனுக்கு இந்த மூளை வரும், சொல்லுங்கள்.

கார் வாங்கியாயிற்று, பிள்ளைக்கு ஓட்டத் தெரிய வேண்டாமா? அதற்கும் அவரே. கோடையில் ஏரி வற்றியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்வாயின் காய்ந்த தரையில் காரை இறக்கி, மீசை முளைக்காததுகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பார். நான் ஒருமுறை கேட்டேன்.

"சார், அந்தப் பையனுக்குப் பதினஞ்சுதான் சார் ஆவுது."

"ரோட்டுல ஓட்டினாதாம்மா கேஸு. ஏரிக்குள்ள மீனு ஓடின எடம். மீனு இன்னா லைசென்ஸா வெச்சிகினு இருந்துது?"

பிறகு சட்டம் கடுமையானது. பதினெட்டு நிறையாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால், அவனைப் பெற்றவரோ வண்டியின் சொந்தக்காரரோ மூன்று வருடம் வரை உள்ளே போகலாம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதைக் கஸ்டமர்களுக்கு எடுத்துச் சொல்வது என் வேலை. சொன்னேன். கேட்ட முதலாளிகளுக்கு முகம் வெளுத்தது. அப்பாடா, இனியாவது இந்தக் கூத்து நிற்கும் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தச் சட்டம் வந்த பிறகுதான் அவருடைய வியாபாரமே சூடு பிடித்தது. காரோடு சேர்த்து ஓர் ஆளையும் கொடுக்க ஆரம்பித்தார். ஊரில் அதற்குப் பேர் "பேருக்கு டிரைவர்". வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கையில் சுத்தமான லைசென்ஸ், பழைய கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளை ஓட்டுவான். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்காருவார். ஏதாவது ஆனால் ஓட்டியது டிரைவர். முதலாளிகளிடம் அதை வாரன்டி சொல்வது மாதிரி சொல்வார்: "பிரேக்குக்கு கம்பெனி பொறுப்பு, பையனுக்கு நான் பொறுப்பு. தைரியமா இருங்க மொதலாளி."

அப்படி அவர் பொறுக்கி எடுத்தவர்களில் ஒருவர் எங்கள் குமரேசன் அண்ணன். என் பெரியம்மா மகன். களம்பூர் ரைஸ் மில்களுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு காலத்தில் குடித்துவிட்டு வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் கிடந்தவர்தான். சபரிமலைக்கு மாலை போட்டபோது விட்டார். மாலையைக் கழற்றிய பிறகும் தொடவில்லை. கல்யாண வீட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால்கூட உதறிவிட்டு வந்துவிடுவார். அதற்கப்புறம்தான் அண்ணி வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தோம். வெளிநாட்டுக் காரில் வேலை என்றதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டு முதலாளி ஒருவர் வீட்டில் சேர்ந்தார். பையன் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா வேல?" என்று கேட்டதற்கு, "உக்காரதுதான் பாப்பா வேல. ஏசி வேற" என்றார். சிரித்தார். வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன், சண்டையும் போட்டேன். லாரியில் முதுகு போய்விட்டது, மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள், நீயா படிக்க வைப்பாய் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளியின் தென்னந்தோப்பில் பையனுக்குப் பதினேழாவது பிறந்த நாள் விருந்து. நண்பர்கள், பிரியாணி, பாட்டில். சாப்பிட்டு முடித்ததும் களம்பூர் ரோட்டில் ஒரு ரவுண்டு போகலாம் என்று பையன் சாவியை எடுத்தான். அவனால் நேராக நிற்க முடியவில்லை. "நான் ஓட்டறேன் தம்பி" என்று அண்ணன் கெஞ்சியிருக்கிறார். "ஒன்ன வெச்சிருக்கறதே பக்கத்துல உக்காரத்தான். உக்காரு" என்றானாம் அவன். அண்ணன் உட்கார்ந்தார். பின்னால் நண்பர்கள் இன்னொரு காரில் வந்தார்கள்.

மில்லில் அரை நாள் வேலை முடிந்து ஓரமாக நடந்து வந்த பெண்ணைக் கார் தூக்கி அடித்தது. பையன் தள்ளாடிக்கொண்டு இறங்கினான். வயலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். கிட்டே வந்தவர்களுக்குச் சாராய வாடை குப்பென்று அடித்திருக்கிறது. அதற்குள் நண்பர்கள் பையனையும் அண்ணனையும் தங்கள் காரில் இழுத்துப் போட்டுக்கொண்டு தோப்புக்குத் திரும்பிவிட்டார்கள். "தண்ணியாச்சும் குடுத்துட்டு வரேன், வுடுங்கடா" என்று அண்ணன் கத்தினாராம். அவள் ரோட்டிலேயே போய்ச் சேர்ந்தாள்.

அண்ணன் எனக்குப் போன் செய்தார். ஸ்கூட்டியில் நான் தோப்புக்குப் போய்ச் சேரும்போது எனக்கு முன்னால் அந்தக் கார் விற்கிறவர் வந்துவிட்டிருந்தார். கஸ்டமர் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் வந்துவிடுவார் அல்லவா. பையன் உள்ளே கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். முதலாளி மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்று, "தம்பி பாத்துக்கும், தம்பி பாத்துக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் இவர் குந்தியிருந்தார். கையில் டம்ளர்.

"கொஞ்சம்தாண்ணே. மருந்து மாரி கண்ண மூடிகினு குடிச்சிடுங்க."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் டம்ளரைத் தட்டிவிடப் போனேன். என் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தினார். கோபமே இல்லை. அந்த மனிதருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே கிடையாது.

"சார், அவர் குடிய வுட்டவரு சார்!"

"தெரியும்மா. அதனாலதான் கொஞ்சமா ஊத்திகீறேன்."

"குடிச்சிட்டு ஓட்டி ஆள் செத்தா ஸ்டேஷன்ல பெயிலு கெடையாது சார். செக்‌ஷனே வேற. குடிக்காம போனாருன்னா சாயங்காலமே வூட்டுக்கு வந்துடுவாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஏம்மா, பேஜார் பண்ணாத. ஓட்டினவன் மூஞ்சிய யாரும் சரியா பாக்கல, ஆனா அவன்கிட்ட வாடை அடிச்சிதுன்னு ஜனம் ஸ்டேஷன்ல சொல்லியாச்சு. இவர் வாடை இல்லாம போயி நின்னாருன்னா, அப்ப அந்த வாடை யாருதுன்னு கேப்பான். நேரா வந்து பையன எழுப்புவான்." என்னவோ எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி சொன்னார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "பொண்ணோட நர்சிங் காலேஜு எங்க பொறுப்பு, குமரேசண்ணே. மொதலாளி வாக்கு குடுத்துட்டாரு. ஜல்தி, டைமு ஆவுது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே தலையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. முதலாளி திரும்பவில்லை. அண்ணன் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு ஓங்கரித்தார். இவர் முதுகைத் தடவிக் கொடுத்து, சட்டையிலும் கொஞ்சம் தெளித்து, தலையைக் கலைத்துவிட்டார். கல்யாண மாப்பிள்ளையை ஜோடிக்கிற மாதிரி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துத் திருப்தியானார். பாவி. அந்தக் கை எத்தனை பதமாக இருந்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

மறுநாள் ஷோரூமில் நான் கண் வீங்கி உட்கார்ந்திருந்தேன். அவர் டீயோடு என் மேசைக்கு வந்தார். "டிரைவர் குடிச்சிருந்ததால வண்டிக்கு கிளெய்ம் வராதுன்னு மொதலாளிகிட்ட நானே சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் தப்பா நெனைக்கல. நீ அதுக்கெல்லாம் அழாத" என்றார். நான் கிளெய்முக்காக அழுகிறேன் என்று சத்தியமாகவே நினைத்தார். அன்றோடு அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டேன். இப்போது ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூவீலருக்கு இன்சூரன்ஸ் போட்டு வயிற்றைக் கழுவுகிறேன்.

செத்தவளின் பேர் சாந்தி. மில் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அவர் வாயில் கடைசி வரைக்கும் அவள் "எதிர்ப்பார்ட்டி"தான்.

அண்ணன் வேலூர் ஜெயிலில் மாதக்கணக்கில் இருந்தார். கஸ்டமரின் மாமியாருக்குப் பாடை தூக்கினவர் அங்கே ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அண்ணன் என்ன கஸ்டமரா? ஜாமீனில் வந்தபோது அண்ணனுக்கு இடது காது கேட்கவில்லை. உள்ளே எவனோ அறைந்திருக்கிறான். யார், எதற்கு என்று சொல்ல மாட்டேன் என்கிறார். வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒயின்ஷாப் வாசலில் கிடந்தார். "அன்னிக்கு ஒரு வாய் உள்ள போச்சு பாப்பா, பழசெல்லாம் முழிச்சிகிச்சி" என்றார். அண்ணி பழையபடி வாயை மூடிக்கொண்டாள். கேஸ் இன்னும் வாய்தா வாய்தாவாகப் போய்க்கொண்டிருக்கிறது. பையனுக்கோ எந்தக் கேஸும் இல்லை. பதினெட்டு முடிந்த வாரமே முறைப்படி லைசென்ஸ் எடுத்தான். இவர்தான் கூடப் போய் எடுத்துக்கொடுத்தார், கேக்கும் வெட்டினார்களாம். அண்ணன் மகளுக்கு நர்சிங்கில் முதல் வருடம் கட்டினார்கள். இரண்டாம் வருடத்துக்கு முதலாளி போனை எடுக்கவில்லை.

போன மாதம் ஒருநாள் காலையில் கார் விற்கிறவரே ஷோரூம் காரில் வந்தார். நான் அன்றைக்கு அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், அண்ணி கொடுத்த டீயைக் குடித்தார், அண்ணி இளைத்துவிட்டதாக வருத்தப்பட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

போளூரில் அவருடைய கஸ்டமர் ஒருவர். அந்த வீட்டுப் பிள்ளையும் அதே மாதிரி குடித்துவிட்டு ஒரு பெரியவரை ஏற்றிவிட்டான். பேருக்கு வைத்திருந்த டிரைவர் ஒத்துக்கொண்டுவிட்டார். ஆனால் அவர் மனைவி புருஷனை விட மாட்டேன் என்று வாசலை மறித்துக்கொண்டு, பூச்சி மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"குமரேசண்ணே வந்து ரெண்டு வார்த்த சொன்னாருன்னா நம்பும் அந்தம்மா. நான் சொன்னா நம்பாது. உள்ள போயிட்டு வந்தவரு சொல்லணும்."

நான் எழுந்துவிட்டேன். "வெளிய போங்க சார். மனுசன் செய்ற வேலயா இது? வூட்ட விட்டு வெளிய போங்க!"

"கோவப்படாதம்மா. காரு வாங்க ஒருத்தரு தயங்கறாருன்னா நான் இன்னா பண்ணுவேன்? ஏற்கெனவே வாங்கினவர கூட்டினு போயி பேச வெப்பேன். அதே மாரிதான் இதுவும்." அண்ணனின் வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். "பொண்ணோட ரெண்டாவது வருசத்த மொதலாளிகிட்ட நானே ஞாபகப்படுத்தறேண்ணே."

நான் திரும்புவதற்குள் அண்ணன் கொடியிலிருந்து சட்டையை எடுத்திருந்தார். போகாதே என்று கையைப் பிடித்தேன். "அந்தம்மா மருந்து கிருந்து குடிச்சிடப் போவுது பாப்பா" என்றார். பிறகு, "புள்ள படிப்பு பாதியில நிக்கக் கூடாதில்ல" என்றார். அண்ணி அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் வாசலில் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். யாருக்குக் கேட்டது?

சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதும்மா. அந்தம்மா டப்பாவக் கீழ வெச்சிட்டு எழுந்து வழி வுட்டுடுச்சு. ஒங்க அண்ணன் இன்னா பேச்சு பேசினாருன்ற! உள்ள மூணு வேளையும் சோறு போடறான், ஒருத்தனும் மேல கைய வெக்கல, என்னப் பாரும்மா, நான் போயிட்டு வந்து ஒரு கொறையும் இல்லன்னு சிரிச்சிகினே சொன்னாரு. நானே அசந்துட்டேன்." ஒரு பெருமூச்சு விட்டார். "இத்தன நாளா இந்த மனுசன பக்கத்து சீட்டுல உக்கார வெச்சி வீணாக்கிட்டோமேம்மா. சேல்ஸுல போட்டிருக்கணும்."